பெயர் தெரியும், விலாசம்தான் தெரியவில்லை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் மடித்த கைக்குட்டை. அதற்குள் பணம் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

"தம்பி, நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஐந்நூறு வெள்ளி அனுப்பணும். உன் கம்ப்யூட்டர்ல பார்த்து அனுப்பிவிடு."

அம்மா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஆறாம் வகுப்பு வரை அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தார். திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. பள்ளியில் நூலக அறை கட்டுகிறார்கள் என்று ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அம்மாவின் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டு நிமிட வேலை என்று நினைத்துத் தேடுபொறியைத் திறந்தேன். பள்ளியின் பெயரை அடிக்க வேண்டும். எந்தப் பெயரை?

அம்மா சொன்னது தோட்டத்து மக்கள் வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர். பாலத்தையோ ஆற்றையோ பழைய கங்காணியையோ வைத்து நம்மவர்கள் தோட்டங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். அந்தப் பெயர்கள் வாயிலேயே வாழ்ந்தன, எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. தோட்ட நிர்வாகம் வைத்திருந்த ஆங்கிலப் பெயர் வேறு. பள்ளிப் பலகையில் 'லாடாங்' என்று வரும் மலாய்ப் பெயர் வேறு. இதற்கு மேல், அந்தத் தோட்டமே இப்போது இல்லை. நிலம் கைமாறி, மக்கள் பட்டணத்துக்குப் போய், பள்ளியும் பல கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடமைப்புப் பகுதிக்கு இடம் மாறிவிட்டது.

அரை மணி நேரம் தேடிய பிறகு ஒரு பக்கம் கிடைத்தது. பெயர் கிட்டத்தட்ட அதேதான். தகரக் கூரை போட்ட பழைய பள்ளிக்கூடத்தின் படம், 'கட்டட நிதிக்கு உதவுங்கள்' என்ற வேண்டுகோள், பணம் அனுப்ப ஒரு கைப்பேசி எண். படத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதேதான் தம்பி, அனுப்பிவிடு" என்றார்.

2023 நவம்பரிலிருந்து சிங்கப்பூரின் பேநவ்வும் மலேசியாவின் டூயிட்நவ்வும் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வசதியுள்ள வங்கி அல்லது செயலி இருந்தால், கைப்பேசி எண்ணைக் கொண்டே எல்லை தாண்டிப் பணம் அனுப்பலாம். எண்ணை அடித்தேன். உறுதி செய்வதற்கு முன் பெறுபவரின் பெயர் திரையில் வந்தது. பள்ளியின் பெயர் இல்லை, சங்கத்தின் பெயரும் இல்லை. ஒரு தனி மனிதரின் பெயர். விரல் அப்படியே நின்றது.

மோசடியாகத்தான் இருக்கும் என்று எண்ணி அந்த எண்ணுக்கே அழைத்தேன். எடுத்தவர் ஒரு பெரியவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது ஆறு வருஷத்துக்கு முன்ன முடிஞ்ச வேலை தம்பி. நான் அப்போ பொருளாளர். நீங்க தேடுற பள்ளி இது இல்ல. எங்களது சிலாங்கூர். பேரு ஒண்ணா இருக்கறதால மாசத்துக்கு ரெண்டு பேராவது கூப்பிடுறாங்க."

மோசடி இல்லை. நல்ல மனிதர்தான். ஆனாலும் நான் அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால், அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவர் படிக்காத ஒரு பள்ளிக்கு, முடிந்துபோன ஒரு திட்டத்துக்குப் போயிருக்கும்.

நிலவில் இறங்கிய இடத்தைக்கூடத் திரையில் காட்டும் காலம் இது. ஒரு பள்ளியை, ஒரு கோயிலை, ஒரு சங்கத்தைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பது ஏன் இத்தனை கடினம்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

தபால்காரருக்கு எல்லாரையும் தெரிந்த காலம்

இணையத்தின் தாய் வலையமைப்பான அர்ப்பாநெட் 1970களில் அமெரிக்காவில் சிறியதாக இருந்தது. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண். எண்களை மனிதர்களால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயர். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுக் கழகத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது. புதிய நிறுவனம் சேர வேண்டுமானால் அந்த மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். மற்ற எல்லாரும் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள்.

கம்பத்துத் தபால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். உறையில் "முனியாண்டி, கோயில் பக்கத்து வீடு" என்று மட்டும் எழுதினாலும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாரையும் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தார்.

கணினிகள் பெருகின. பட்டியல் நீண்டது. ஒரே இடத்தில் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. 1983ஆம் ஆண்டு பால் மோக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிஞர் ஒரு வழி கண்டார். பட்டியலை மரம்போல் கிளை பிரித்துவிடலாம், ஒவ்வொரு கிளையையும் அதற்கு உரியவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். இன்று நாம் பயன்படுத்தும் களப்பெயர் முறை அதுதான். வணிகத்துக்குக் 'காம்', கல்விக்கு 'எடு', அரசாங்கத்துக்கு 'கவ்', மற்ற அமைப்புகளுக்கு 'ஆர்க்' என்று பெருங்கிளைகள் வந்தன. நாடுகளுக்கு இரண்டெழுத்துக் கிளைகள்: மலேசியாவுக்கு 'எம்ஒய்', சிங்கப்பூருக்கு 'எஸ்ஜி'. 'காம்' கிளையில் முதல் பெயர் பதிவானது 1985 மார்ச் 15ஆம் தேதி. பதிந்தது சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம்.

மிகச் சிறந்த ஏற்பாடு. நாற்பது ஆண்டுகளாக உலகையே தாங்கி நிற்கிறது. ஆனால் அதைப் பற்றி நாம் மறந்துவிடும் இரண்டு உண்மைகள் உண்டு.

முதலாவது, அது தேடித் தராது. சரியான பெயரை ஓர் எழுத்துப் பிசகாமல் கொடுத்தால் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். "நீங்கள் தேடுவது இதுவாக இருக்கலாமோ?" என்று கேட்கத் தெரியாது. ஓர் எழுத்து மாறினால் 'இல்லை' என்று சொல்லும். அந்த மாறிய பெயரை வேறொருவர் வாங்கி வைத்திருந்தால் வாய்பேசாமல் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இரண்டாவது, ஒரு பெயருக்கு ஒரே ஒரு சொந்தக்காரர். நம் வாழ்க்கையில் அப்படி இல்லையே! மாரியம்மன் கோயில் எத்தனை ஊர்களில் இருக்கிறது? நாம் குழம்புவதில்லை. ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்கிறோம். சிங்கப்பூரின் தெண்டாயுதபாணி கோயிலை 'டேங்க் ரோடு கோயில்' என்றால் டாக்சி ஓட்டுநர்கூடக் கொண்டுபோய் விடுவார். பெயர் பலருக்குப் பொது, இடம்தான் அடையாளம் என்பது நம் பழைய ஏற்பாடு. இணையத்தின் பொதுக் கிளைகளில் இடத்துக்கு வேலையே இல்லை. முதலில் வந்தவருக்கே பெயர்.

முந்தியவர்களும் பிந்தியவர்களும்

இந்த 'முதலில் வந்தவருக்கு' விதியின் விளைவு 1994ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. ஜோஷுவா குவிட்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், மெக்டோனல்ட்ஸ் நிறுவனத்தின் பெயரில் 'காம்' முகவரியைத் தாமே பதிந்துகொண்டார். அந்த நிறுவனம் அதுவரை பதிந்திருக்கவில்லை. யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை. நடந்ததை 'வயர்ட்' இதழில் எழுதினார். பின்னர் ஒரு பள்ளிக்குக் கணினி வசதி செய்து தர நிறுவனம் ஒப்புக்கொண்டதும் முகவரியை விட்டுக்கொடுத்தார்.

எல்லாக் கதைகளும் இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. ஊசி நிசான் என்பவர் அமெரிக்காவில் சிறிய கணினித் தொழில் நடத்தியவர். நிசான் அவருடைய குடும்பப் பெயர். அதே ஆண்டு, 1994இல், தம் பெயரில் 'காம்' முகவரியைப் பதிந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து கார் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறி இறங்கினார். முகவரி அவரிடமே நின்றது. 2020ஆம் ஆண்டு கொவிட் நோயால் அவர் இறந்தபோதும் அது அவர் பக்கமாகவே இருந்தது. கார் வாங்க நினைத்து அந்த முகவரியை அடித்தவர்களுக்குக் கார் கிடைக்கவில்லை. அவர் மேல் என்ன தவறு? அது அவருடைய குடும்பப் பெயர்.

பெயரை வைத்துத் தேடும் தனி அட்டவணை ஒன்று வேண்டும் என்று பலரும் முயன்றார்கள். 1988ஆம் ஆண்டு அனைத்துலகத் தொலைத்தொடர்பு அமைப்பின்கீழ் 'எக்ஸ்.500' என்ற முறை வகுக்கப்பட்டது. உலகம் முழுவதற்குமான தொலைபேசிப் புத்தகம்போல், நாடு, ஊர், நிறுவனம் என்று படிப்படியாகத் தேடலாம் என்பது திட்டம். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் சுமையை உலகம் ஏற்கவில்லை. பிறகு ரியல்நேம்ஸ் என்ற நிறுவனம் வந்தது. முகவரி வேண்டாம், பெயரை மட்டும் அடித்தால் போதும் என்றது. மைக்ரோசாஃப்டின் உலாவியை நம்பி நின்ற அந்த நிறுவனம், மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தைத் தொடராததால் 2002ஆம் ஆண்டு மூடப்பட்டது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவை தேடுபொறிகள். இன்று நாம் முகவரியை அடிப்பதே இல்லை. பெயரை அடிக்கிறோம், முதலில் வருவதைத் தட்டுகிறோம். ஆனால் தேடுபொறி பதிவாளர் இல்லை. எது பிரபலம், எதைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்கள், எது அதிகம் பொருந்துகிறது என்று கணக்குப் போட்டு வரிசைப்படுத்தும் சந்தை அது. மேலே வரும் சில பதில்கள் பணம் கொடுத்து வாங்கிய விளம்பரங்கள். சின்ன எழுத்தில் அப்படிப் போட்டும் இருக்கும், நாம்தான் கவனிப்பதில்லை. முதலில் நிற்பவர் உண்மையானவர் என்று யாரும் நமக்கு உறுதி கொடுக்கவில்லை.

ஒரு கோயிலுக்கு 240 பெயர்

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. நம் அமைப்புகளின் பெயர் தமிழில் இருக்கிறது. முகவரியோ ஆங்கில எழுத்தில்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 'ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில்' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்ரீ' என்பதை எஸ்ஆர்ஐ, எஸ்எச்ஆர்ஐ, எஸ்ஆர்இஇ, எஸ்எச்ஆர்இஇ என்று நான்கு விதமாக எழுதுகிறோம். 'முத்து'வில் 'டி' மட்டும் இரண்டா, 'டிஎச்'சா, இரண்டும் கலந்தா? மூன்று விதம். 'மாரியம்மன்' என்பதற்கு முதல் 'ஏ' ஒன்றா இரண்டா, நடுவில் 'ஒய்' வருமா வராதா? நான்கு விதம். கடைசியில் டெம்பிள், கோவில், கோயில், ஆலயம், இல்லையென்றால் மலாயில் 'குயில்'. ஐந்து விதம். பெருக்கிப் பாருங்கள்: நான்கு, மூன்று, நான்கு, ஐந்து. மொத்தம் 240. சொற்களுக்கு நடுவே கோடு போடுவதையும், 'அருள்மிகு' சேர்ப்பதையும் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த 240இல் ஒன்றைத்தான் நிர்வாகக் குழு பதிந்திருக்கும். பல கோயில்களும் சங்கங்களும் அலுத்துப்போய்ப் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் முகவரியாக வைத்துக்கொண்டுவிட்டன. தெரிந்தவர்களுக்கு அது வசதி. தெரியாதவர்களுக்கு அது கடவுச்சொல்.

அப்படியானால் தமிழிலேயே முகவரி வைத்தால் என்ன? அதற்கும் வழி உண்டு. அந்த வழியைத் திறந்ததில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது நம் இளையர்கள் பலருக்குத் தெரியாது. தமிழை இணையத்தில் ஏற்ற அரும்பாடு பட்டவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின்னால் நின்றவர் அவர். மறு ஆண்டு, ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் களப்பெயர் வைக்கும் முயற்சியைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டான் டின் வீயின் குழு முன்னெடுத்தது. 2003இல் அதற்கு உலகத் தரம் ஒன்று வந்தது. 2011ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூருக்கு 'எஸ்ஜி'யோடு '.சிங்கப்பூர்' என்று தமிழிலும் கிளை உண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இதுபோலத் தமிழ்க் கிளைகள் இருக்கின்றன.

ஆனாலும் தமிழ் முகவரிகள் நம் கண்ணில் அரிதாகவே படுகின்றன. கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவர் குறைவு. சில இடங்களில் ஒட்டினால் தமிழ் முகவரி 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கூட்டமாக மாறித் தெரியும். பிணையம் உள்ளுக்குள் பயன்படுத்தும் வடிவம் அது, பிழை இல்லை. ஆனால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

தமிழிலும் ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் எழுத்துகள் உண்டு. பழைய தமிழ் எண்களை நினைவிருக்கிறதா? ஒன்று என்பது 'க' போல, இரண்டு 'உ' போல, ஏழு 'எ' போல, எட்டு 'அ' போல இருக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ரஷ்ய மொழியின் 'அ' எழுத்தும் ஆங்கில 'ஏ'யும் இப்படித்தான். அதை வைத்து 2017ஆம் ஆண்டு ஓர் ஆய்வாளர், ஆப்பிள் நிறுவனத்தின் முகவரிபோலவே தோன்றும் வேறொரு முகவரியைப் பதிந்து காட்டினார். அப்போதைய உலாவிகள் சிலவற்றில் கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியவில்லை.

பூட்டுப் படம் எதைச் சொல்கிறது?

"பூட்டுப் படம் இருக்கிறதே, பயம் இல்லைதானே?" என்று பலர் கேட்கிறார்கள். பூட்டுக்கு அர்த்தம் ஒன்றுதான்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது. அந்தப் பக்கம் இருப்பவர் யார் என்பதை அது சொல்லாது. திருடன் வீட்டுக் கதவுக்கும் நல்ல பூட்டு இருக்கும்.

ஒரு காலத்தில் உலாவியின் மேல்பட்டையில் பச்சை நிறத்தில் நிறுவனத்தின் பெயரே வரும். ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் சான்றிதழ் அது. 2017ஆம் ஆண்டு ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், ஸ்ட்ரைப் என்ற புகழ்பெற்ற கட்டண நிறுவனத்தின் அதே பெயரில் அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் முறைப்படி ஒரு நிறுவனம் பதிந்தார். அந்தப் பெயருக்குச் சான்றிதழும் வாங்கிக் காட்டினார். பொய் எதுவும் சொல்லவில்லை. வேறு மாநிலத்தில் அதே பெயரில் நிறுவனம் தொடங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2019இல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் அந்தப் பெயர்ப் பட்டையை எடுத்துவிட்டன. பேராக்கிலும் சிலாங்கூரிலும் ஒரே பெயரில் பள்ளி இருப்பதுபோல்தான் இதுவும்.

நம் ஊரிலேயே கசப்பான அனுபவம் உண்டு. 2021 டிசம்பரில் சிங்கப்பூரின் ஒரு பெரிய வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. அனுப்புநர் பெயர் ஒன்றாக இருந்ததால், வங்கி உண்மையாக அனுப்பிய பழைய செய்திகளுக்குக் கீழேயே அவையும் வரிசையில் நின்றன. கைப்பேசிக்கு இரண்டும் ஒருவர்தான். ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தார்கள். அதற்குப் பிறகே வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின. 2023 ஜனவரி இறுதியிலிருந்து, பதிவு செய்யாத அனுப்புநர் பெயரில் வரும் செய்திகள் 'மோசடியாக இருக்கலாம்' என்ற குறிப்போடு வருகின்றன. 2024 ஜூலை முதல் சிங்கப்பூர் அரசாங்க அமைப்புகள் பெரும்பாலும் ஒரே அனுப்புநர் பெயரில் செய்தி அனுப்புகின்றன.

பெயரை விட்டு எண்ணைப் பிடியுங்கள்

திங்கட்கிழமை காலை நான் அம்மாவின் பள்ளியைக் கண்டுபிடித்தேன். எப்படி என்று சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

மலேசியாவில் ஒவ்வொரு பள்ளிக்கும் கல்வி அமைச்சு ஒரு குறியீடு கொடுத்திருக்கிறது. மூன்று எழுத்து, நான்கு எண். முதல் எழுத்து மாநிலத்தைச் சொல்லும். கார் எண் பலகையைப் போலவே பேராக் என்றால் 'ஏ', சிலாங்கூர் என்றால் 'பி', ஜொகூர் என்றால் 'ஜே'. நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பெயர் ஒன்றுபோல் இருக்கலாம், குறியீடு ஒன்றுபோல் இருக்காது. பள்ளி இடம் மாறினாலும் பழைய தோட்டப் பெயரையே சுமந்துகொண்டிருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். அமைச்சின் பள்ளிப் பட்டியலில் பேராக் மாநிலத்தை மட்டும் பார்த்தேன். அம்மாவின் பழைய சான்றிதழில் இருந்த மலாய்ப் பெயரோடு பொருந்தியது ஒன்றே ஒன்று. தொலைபேசி எண்ணும் இருந்தது.

சிங்கப்பூரில் பதிவான நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் யுஇஎன் என்ற தனி அடையாள எண் உண்டு. 2009ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதை இணையத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். யுஇஎன் எண்ணுக்குப் பேநவ் செய்தால் பதிவுபெற்ற பெயர் திரையில் வரும். அறக்கட்டளையா என்று தெரிய அரசாங்கத்தின் அறநிறுவன இணையவாசல் இருக்கிறது. மலேசியாவில் நிறுவனங்களுக்கு எஸ்எஸ்எம், சங்கங்களுக்குச் சங்கப் பதிவிலாகா.

வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்:

தேடலில் முதலில் வருவதைத் தட்டாதீர்கள். அது விளம்பரமா என்று பாருங்கள்.

முகவரியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். உரிமையாளர் யார் என்பது கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. முன்பகுதியில் யார் வேண்டுமானாலும் எந்த வங்கியின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். 'ஆர்க்' என்று முடிந்தால் தொண்டு நிறுவனம் என்று நம்ப வேண்டாம். அதை யாரும் வாங்கலாம். அரசாங்கக் கிளைகள் அப்படி இல்லை, அவை அரசாங்க அமைப்புகளுக்கு மட்டுமே.

பணம் அனுப்பும் திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். அமைப்புக்கு என்று சொல்லிவிட்டுத் தனி மனிதர் பெயர் வந்தால் நிறுத்துங்கள். வேறு வழியில் கிடைத்த தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால் வெட்கப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள். மலேசியாவில் 997, சிங்கப்பூரில் ஆலோசனைக்கு 1799.

செயலவையில் இருக்கும் இளையர்களுக்கு

உங்களில் பலர் கோயில், சங்கம், முன்னாள் மாணவர் மன்றம் என்று ஏதாவது ஒன்றில் 'கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை'யாக இருப்பீர்கள். உங்களுக்குச் சில வார்த்தைகள்.

களப்பெயரைச் சங்கத்தின் பெயரில் பதியுங்கள். தொண்டூழியர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிந்துவிட்டு, அவர் வேலை மாறிப் போனதும் கடவுச்சொல் தெரியாமல் தவிக்கும் சங்கங்கள் உண்டு. புதுப்பிக்க மறந்தால் சில வாரம் அவகாசம் கிடைக்கும். அதற்குள் விழித்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கலாம். உங்கள் பழைய பக்தர்கள் அவர்கள் வாசலில் போய் நிற்பார்கள்.

அமைப்பின் தமிழ்ப் பெயரைப் படமாகப் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். தேட வேண்டுமானால் எழுத்தாகவும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மக்கள் எழுதும் நாலைந்து எழுத்துக்கூட்டல்களையும், பழைய பெயரையும், மக்கள் வாயில் வழங்கும் பெயரையும் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் எழுதி வையுங்கள். பதிவு எண்ணையும் போடுங்கள். முடிந்துபோன நிதித் திரட்டை 'முடிந்தது' என்று எழுதி மூடுங்கள். அந்தச் சிலாங்கூர்ப் பெரியவருக்கு மாதம் இரண்டு அழைப்பாவது குறையும்.

பள்ளிக்கு அழைத்தபோது எழுத்தர் ஓர் இளம்பெண். நூலக நிதி உண்மைதான் என்றார். பள்ளியின் கணக்கு எண்ணைப் பள்ளி முத்திரையோடு அனுப்பி வைத்தார். பணம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் ரசீதும் வந்தது.

நான் பேசி முடிக்கும்போது அம்மா தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். தோட்டத்தின் தமிழ்ப் பெயரைச் சொல்லி, "அந்தப் பேரு உங்களுக்குத் தெரியுமா மா?" என்று கேட்டார். அந்தப் பெண் கேள்விப்பட்டதே இல்லையாம். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்போ எழுதி வெச்சுக்கோ மா," என்றார் பிறகு. "என்னைப்போல யாராவது அந்தப் பேரைச் சொல்லித் தேடிக்கிட்டு வருவாங்க."